60 சதவீதம் என்பது யாருடைய கணக்கு?

நம் எதிர்ப்பு மண்டலமே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) பரம்பரையில் வருமா என்று கேட்டால், 'வரும்' என்பவரிடமும் ஆதாரம் இருக்கிறது, 'அப்படிச் சொல்ல முடியாது' என்பவரிடமும் ஆதாரம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எழவே இல்லை, நேராகப் பதில்தான் வந்தது. அக்காவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில், இந்த நோயைக் காட்டும் ஆன்டி-சிசிபி பாசிட்டிவ் என்று இருந்ததை அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, "என் கைய உனக்குக் குடுத்துட்டேனே" என்றாள். அக்கா, "நீ என்னம்மா பண்ணுவே, விடு" என்றாள். அம்மா விடவில்லை. அம்மாவுக்கு இந்த நோய் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. விரல்கள் நான்கும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. பாட்டில் மூடியைத் திறக்க இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத்தான் திருப்புவாள். அந்தக் கையை அக்காவுக்குக் கொடுத்துவிட்டதாகத்தான் அவள் நினைத்தாள்.

அதற்கு மேல் ஒரு போன் வந்தது. நலம் விசாரித்த உறவினர் நன்றாகப் படித்தவர், அக்கறையோடுதான் சொன்னார்: "இது அறுபது பர்சென்ட் ஜெனடிக்காம், நெட்ல போட்டிருக்கான்." போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அப்போது ஒன்றும் பேசவில்லை. ராத்திரி படுக்கப் போகும் முன் என்னைப் பார்த்து, "உனக்கும் அறுபதா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் இல்லை என்று சொல்லத்தான் தெரியவில்லை. ஏனென்றால் அந்த 60 யாரோ கிளப்பிவிட்ட எண் இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இருக்கும் உண்மையான எண்தான். உண்மையான ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஒரு வீடே தப்பான முடிவுக்கு வர முடிகிறது என்பதுதான் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் தேடிப் படித்தேன், அக்காவின் டாக்டரிடம் கேட்டேன், அம்மாவிடம் துண்டு துண்டாகச் சொன்னேன். அதையெல்லாம் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். இன்னொரு வீட்டில் இன்னொரு அம்மா இதே கணக்கைப் போட்டுக்கொண்டு விழித்திருக்கலாம்.

அந்த எண் எங்கிருந்து வந்தது

பிரிட்டனிலும் ஃபின்லாந்திலும் இரட்டையர்களிடம் சேகரித்த தகவல்களை வைத்து 2000-ஆம் ஆண்டில் வெளியான கணக்கு அது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களுக்கு மரபணுக்கள் கிட்டத்தட்ட முழுக்க ஒன்று. இரு கருவில் பிறந்த இரட்டையர்களுக்குச் சாதாரண அக்கா தங்கை போலச் சராசரியாகப் பாதிதான் பொது. முதல் வகை ஜோடிகளில் நோய் எவ்வளவு ஒத்துப்போகிறது, இரண்டாம் வகையில் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒப்பிட்டால், மரபணுக்களின் பங்கு எவ்வளவு என்று கணிக்கலாம். அப்படிக் கணித்ததில் கிடைத்தது சுமார் 60 சதவீதம்.

எதில் 60 சதவீதம் என்பதைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறோம். ஒரு பெரிய மக்கள் கூட்டத்தில் சிலருக்கு இந்த நோய் வருகிறது, பெரும்பாலானோருக்கு வருவதில்லை. ஆளுக்கு ஆள் இருக்கும் இந்த வித்தியாசத்தில் எவ்வளவு பங்கை அவர்களின் மரபணு வித்தியாசங்களோடு சேர்த்து விளக்க முடியும் என்பதற்கான அளவு அது. நோய் உள்ள தாயின் பிள்ளைகள் நூறு பேரில் 60 பேருக்கு வரும் என்று அதற்குப் பொருளே கிடையாது. இன்னும் சொல்லப்போனால், கூட்டம் மாறினால் எண்ணும் மாறும். ஒரு நாட்டில் எல்லோருமே சிகரெட் பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது புகையால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வராது. மிச்சமுள்ள வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு தானாகவே பெரிதாகத் தெரியும். யாருடைய உடம்பிலும் ஒரு மரபணுகூட மாறியிருக்காது, ஆனால் 60 என்பது 70 ஆகலாம். இப்படி ஆடுகிற எண்ணைக் கொண்டுவந்து ஒரு தனி ஆளின் தலையில் ஒட்டக் கூடாது.

சரி, தனி ஆளுக்கு எந்த எண்? ஸ்வீடனின் மருத்துவப் பதிவேடுகளிலிருந்து எடுத்த கணக்குப்படி, பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் மற்றவர்களைவிட வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. மூன்று மடங்கு என்றதும் வயிற்றில் புளியைக் கரைக்கும். எதன் மூன்று மடங்கு என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டாவில் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் முழு ஆயுளுக்குமாகப் போட்ட கணக்கில், 28 பெண்களில் ஒருவருக்கும் 59 ஆண்களில் ஒருவருக்கும் முடக்குவாதம் வருகிறது. பெண்ணுக்கு 3.6 சதவீதம். அதை மூன்றால் பெருக்கினால் 11 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. இரண்டு வேறு நாடுகளின் எண்களைப் பெருக்குவது கச்சிதமான கணக்கு இல்லைதான். ஆனால் 60 எங்கே, 11 எங்கே? அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் காகிதத்தில் எழுதிக் காட்டச் சொன்னாள். எழுதிக் காட்டினேன். "பத்துப் பேர்ல ஒம்பது பேருக்கு வராது, அப்படித்தானே?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். ஆனால் அக்கா அந்தப் பத்தாவது ஆளாகிவிட்டாளே என்பதும் அவள் முகத்தில் தெரிந்தது. ஆகவே கணக்கு மட்டும் போதவில்லை.

கெட்டுப்போன மரபணு இல்லை

அம்மா அடுத்து கேட்டது: "என்கிட்ட இருக்கிற அந்த ஜீன் கெட்டுப்போனதா?" இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1970-களில் அமெரிக்காவின் டல்லஸில் பீட்டர் ஸ்டாஸ்ட்னி என்ற மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். உறவில்லாத இரண்டு பேரின் வெள்ளையணுக்களைக் கலந்தால், ஒன்றையொன்று அந்நியம் என்று கண்டு கிளர்ச்சியடையும். முடக்குவாத நோயாளிகளின் அணுக்களை ஒருவரோடொருவர் கலந்தபோது அந்தக் கிளர்ச்சி பல நேரங்களில் மந்தமாக இருந்தது. உறவே இல்லாதவர்களிடம் ஏதோ ஒன்று பொதுவாக இருந்திருக்கிறது. 1978-இல் அது என்ன என்று அவரே எழுதினார். அணுக்களின் மேல் இருக்கும் புரதம் ஒன்றின் டிஆர்4 என்ற வகை நோயாளிகளில் 70 சதவீதம் பேருக்கு இருந்தது, மற்றவர்களில் 28 சதவீதம் பேருக்கு. படிக்கிறவர்கள் எல்லோரும் அந்த 70-ஐத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு 28-தான் பெரிதாகப் பட்டது. மூட்டில் ஒரு வலியும் இல்லாமல் நடமாடும் நூறு பேரில் 28 பேர் அதே வகையைச் சுமந்துகொண்டிருந்தார்கள்.

அந்த வகை என்ன வேலை செய்கிறது? ஆறாவது குரோமோசோமில் எச்.எல்.ஏ. மரபணுக்களின் கூட்டம் இருக்கிறது. மனித மரபணுக்களிலேயே ஆளுக்கு ஆள் அதிகம் மாறுபடுபவை இவைதான். அதில் டிஆர்பி1 என்ற மரபணுவின் வடிவங்களிலிருந்து வருவதுதான் டிஆர்4. அந்த மரபணு கட்டும் புரதத்தின் மேல்பக்கத்தில் நீளமான ஒரு பள்ளம் உண்டு. உடம்புக்குள் வந்த கிருமியின் புரதத் துணுக்கை அந்தப் பள்ளத்தில் வைத்து அணுவின் மேற்பரப்பில் நீட்டும். டி-அணுக்கள் என்ற வெள்ளையணுக்கள் வந்து பார்த்து, இது நம்முடையதா, வெளியாளா என்று முடிவு செய்யும். பள்ளத்தின் வடிவம் மாறினால் அதில் உட்காரும் துணுக்குகளும் மாறும். 1987-இல் கிரெகர்சன், சில்வர், வின்செஸ்டர் மூவரும் சொன்னது இதைப் பற்றித்தான். முடக்குவாதத்தோடு தொடர்புள்ள டிஆர்பி1 வடிவங்கள் பல இருந்தாலும், அவை எல்லாவற்றிலும் 70 முதல் 74 வரையுள்ள ஐந்து அமினோ அமிலங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. அந்த ஐந்தும் பள்ளத்தின் ஓரச் சுவரில் இருக்கின்றன.

இங்கே கொஞ்சம் நிதானிக்கிறேன், ஏனென்றால் எனக்கு விஷயம் பிடிபட்டது இந்த இடத்தில்தான். அந்தச் சுவர்ப் பகுதியில் நேர்மின்னூட்டம் இருக்கிறது. ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்துக்கும் நேர்மின்னூட்டம். ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும் என்பதால் ஆர்ஜினைன் அந்த இடத்தில் சரியாக உட்காராது. ஆனால் நம் உடம்பில் பிஏடி என்ற நொதி இருக்கிறது. அழற்சி உள்ள இடங்களில் அது ஆர்ஜினைனைச் சிட்ருலினாக மாற்றிவிடும். சிட்ருலினுக்கு மின்னூட்டம் கிடையாது, அதனால் அந்தப் பள்ளத்தில் பாந்தமாக உட்கார்ந்துகொள்கிறது. நம்முடைய சொந்தப் புரதம்தான், ஒரு சின்ன மாற்றம் மட்டும். டி-அணுக்களில் ஏதோ ஒன்று அதை அந்நியம் என்று எடுத்துக்கொண்டால் கதை தொடங்குகிறது. அக்காவின் ரிப்போர்ட்டில் இருந்த ஆன்டி-சிசிபி என்பது சிட்ருலின் கலந்த புரதங்களுக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்பான்தான். அம்மாவின் ரத்தத்திலும் அது உண்டு. ரிப்போர்ட்டில் ஒரு வரியாகக் கிடந்த அந்தச் சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

ஆகவே அம்மாவுக்குச் சொன்ன பதில்: அது கெட்டுப்போனது இல்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்கிற, கோடிக்கணக்கானவர்களிடம் இருக்கிற, ஒரு சாதாரண வடிவம். தாத்தா பாட்டி யாரோ ஒருவரிடமிருந்துதான் உனக்கும் வந்திருக்கும், அவர்கள் இருவருக்கும் இந்த நோய் வந்ததே இல்லை. ஆறாவது குரோமோசோம் உன்னிடம் இரண்டு இருக்கிறது, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒன்றைத்தான் கொடுத்திருப்பாய், எதைக் கொடுத்தாய் என்று உனக்கே தெரியாது. அக்காவுக்கு அந்த வடிவம் இருந்தாலும் அது அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம், அப்பாவின் மூட்டுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. இன்னொன்றும் சொன்னேன். டிஆர்பி1-இல் ஆபத்தைக் குறைக்கும் வடிவங்களும் உண்டு, 13 என்று எண்ணிட்ட வகையைச் சேர்ந்த சில. அவையும் இதே வழியில்தான் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் பிள்ளைக்குப் போகின்றன. பெற்றோர் கொடுத்தது என்று கணக்கெடுத்தால் இதையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும், இதை யாரும் எடுப்பதில்லை.

எச்.எல்.ஏ.வுக்கு வெளியேயும் மரபணுக்கள் உண்டு. 2004-இல் பிடிபிஎன்22 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம் கண்டுபிடித்தார்கள். அதே மாற்றம் முதல்வகைச் சர்க்கரை நோயிலும், எதிர்ப்பு மண்டலமே தாக்கி வருகிற தைராய்டு நோயிலும் ஆபத்தைக் கூட்டுகிறது. எங்கள் சித்திக்கு அந்தத் தைராய்டு உண்டு. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மூட்டு, இன்னொருவருக்குத் தைராய்டு என்று வருவதற்கு இப்படிப் பொதுவான மரபணுக்களும் ஒரு காரணம். 2014-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவல்களை அலசி 101 இடங்களைக் குறித்தார்கள், 2022-இல் அது 124 ஆனது. இவற்றில் பெரும்பாலானவை தனித்தனியாகப் பார்த்தால் ஆபத்தைப் பத்து இருபது சதவீதம் கூட்டுபவை, அவ்வளவுதான். இவற்றால் ஆரூடம் சொல்ல முடியாது. ஆனால் மருந்துக்கு வழிகாட்ட முடியும். அந்த 2014 ஆய்வு காட்டிய மரபணுக்களில் பல, ஏற்கெனவே இந்த நோய்க்குப் பயன்படும் மருந்துகளின் இலக்குகளோடு நேராகத் தொடர்புள்ளவையாக இருந்தன.

15

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி வைத்தது வேறோர் எண். 1993-இல் பிரிட்டனில் வெளியான இரட்டையர் ஆய்வு. ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 15.4 சதவீத ஜோடிகளில். இரு கரு இரட்டையரில் 3.6 சதவீதம். ஃபின்லாந்தின் எண்களும் இதற்குப் பக்கத்திலேயே, 12.3-உம் 3.5-உம். 60 என்ற எண்ணைக் கணக்கிட்டதே இப்படிப்பட்ட இரட்டையர் தகவல்களிலிருந்துதான். அதாவது உறவினர் போனில் சொன்ன எண்ணும் இந்த எண்ணும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. ஒன்று ஊரெல்லாம் தெரிகிறது, மற்றதை யாரும் சொல்வதில்லை.

அம்மாவுக்கும் அக்காவுக்கும் மரபணுக்கள் பாதிதான் பொது. இந்த இரட்டையர்களுக்கு முழுக்கப் பொது. ஒரே வயிற்றில் ஒரே நேரத்தில் வளர்ந்தவர்கள், பெரும்பாலும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். அப்படி இருந்தும் நூறு ஜோடிகளில் 84, 85 ஜோடிகளில் ஒருவருக்கு இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. ஆய்வுக்குப் பிறகு வயது ஏறியதும் இன்னும் சிலருக்கு வந்திருக்கலாம்தான். அதற்கு இடம் விட்டாலும் பெரும்பகுதி அப்படியே நிற்கிறது. முழு மரபணுவையும் கொடுத்தும் நோயைக் கொடுக்க முடியவில்லை என்றால், பாதியைக் கொடுத்த அம்மா எதைக் கொடுத்துவிட்டாள்?

ஏன் அப்படி என்று தேடியபோது கிடைத்த ஒரு விளக்கம் என்னை இன்றுவரை ஆச்சரியத்தில் வைத்திருக்கிறது. பள்ளத்தில் நீட்டப்பட்ட துணுக்கைப் படிக்கிற டி-அணுக்களின் ஏற்பிகளையும், பி-அணுக்கள் செய்யும் எதிர்ப்பான்களையும் நாம் ஆயத்தமாக வாங்கிக்கொண்டு பிறப்பதில்லை. பெற்றோரிடமிருந்து வருவது மரபணுத் துண்டுகள் மட்டுமே. ஒவ்வோர் அணுவும் வளரும்போது அந்தத் துண்டுகளில் சிலவற்றைத் தன்போக்கில் வெட்டி, ஒட்டி, ஒட்டும் இடத்தில் சில எழுத்துகளைக் கூட்டிக் குறைத்து, தனக்கென ஓர் ஏற்பியைக் கட்டிக்கொள்கிறது. எதிர்ப்பான்களில் இது எப்படி நடக்கிறது என்று காட்டியதற்குத்தான் சுசுமு டோனெகாவாவுக்கு 1987-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இது சீட்டுக் குலுக்கிப் போடுவது போலத்தான், உடம்புக்குள் கோடிக்கணக்கான முறை நடக்கிறது. ஒரே கருவிலிருந்து வந்த இரட்டையர்கள்கூட ஒரே சீட்டுக்கட்டோடு தொடங்கி வெவ்வேறு கைகளோடு முடிக்கிறார்கள். சிட்ருலின் கலந்த ஒரு துணுக்கை அந்நியம் என்று எடுத்துக்கொள்ளும் டி-அணு அக்காவிடம் உருவாகி நிலைத்திருக்கிறது. அது அம்மாவிடமிருந்து போகவில்லை, போகவும் முடியாது. அக்காவின் உடம்புக்குள் தற்செயலாகக் கட்டப்பட்டது.

தற்செயல் என்ற பதிலை மனசு லேசில் ஏற்பதில்லை என்பது எனக்குத் தெரியும். காரணம் யார் என்று தெரிந்தால் கோபித்துக்கொள்ளவாவது ஓர் ஆள் கிடைக்கும், அம்மாவுக்கு அந்த ஆள் தானாகவே இருந்தாள். ஆனால் இந்த நோயில் தற்செயலுக்கு உள்ள பங்கு உண்மையானது, பெரியது. மரபணு, பழக்கம் என்று இரண்டாகப் பிரித்துப் பேசும்போது இந்த மூன்றாவது பங்கைச் சொல்லாமல் விட்டால், சொன்னது அரைகுறைதான். அம்மாவிடம் இதைச் சொன்ன அன்று அவள் ரொம்ப நேரம் கேள்வி கேட்டாள். வெட்டுகிறது என்றால் எங்கே, டி-அணுக்கள் வளரும் தைமஸ் எங்கே இருக்கிறது, எனக்கும் இப்படித்தான் ஆனதா. கடைசிக் கேள்வியைக் கேட்டபோதுதான், தனக்கு இந்த நோய் ஏன் வந்தது என்று இத்தனை வருஷமாக அவளுக்கு யாருமே சொல்லவில்லை என்பது எனக்கு உறைத்தது.

பழி இடம் மாறும்போது

மரபணுவின் மேல் இருந்த பழியை இறக்கினால் அது அங்கேயே நிற்பதில்லை, நேராகப் பழக்கத்தின் மேல் போய் ஏறுகிறது. "அப்போ லைஃப் ஸ்டைல்தான் காரணம்" என்று அக்காவின் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. அவள் வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை. நோயோடு போராடுகிற ஒருத்தி தன் பழைய வருஷங்களைக் கிளறி, எங்கே தப்பு செய்தேன் என்று தேட வேண்டுமா என்ன?

அதே சமயம் புகை விஷயத்தில் ஆய்வுகள் சொல்வதை மழுப்பவும் கூடாது. ஸ்வீடனில் 2006-இல் வெளியான ஆய்வில், டிஆர்பி1-இன் அந்த ஆபத்தான வடிவம் இரண்டு குரோமோசோம்களிலும் இருந்து, புகைபிடிக்கும் பழக்கமும் இருந்தவர்களுக்கு, இரண்டும் இல்லாதவர்களைவிட 21 மடங்கு ஆபத்து இருந்தது. இது சிட்ருலினுக்கு எதிரான எதிர்ப்பான் உள்ள முடக்குவாதத்துக்கு மட்டும் பொருந்தும் கணக்கு, அந்த எதிர்ப்பான் இல்லாத வகையில் இந்தக் கூட்டு தெரியவில்லை. முன்பு சொன்ன பிஏடி நொதி புகைபிடிப்பவர்களின் நுரையீரலில் அதிகம் வேலை செய்கிறது, சிட்ருலின் கலந்த புரதங்கள் அங்கே உருவாகின்றன. மரபணு வைத்த பள்ளமும் புகை செய்த துணுக்கும் அங்கே சந்திக்கின்றன. ஈறு நோயை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவிடமும் இதே வகை நொதி இருக்கிறது. கல் உடைக்கும் இடங்களில் பறக்கும் சிலிக்காத் தூசும் ஆபத்தைக் கூட்டுகிறது.

மரபணுவை மாற்ற முடியாது, புகையை விட முடியும். இது அக்காவைவிட எங்கள் தம்பிக்குத்தான் தேவைப்பட்ட செய்தி. அம்மாவுக்கு நோய், அக்காவுக்கு நோய், அவன் தினமும் சிகரெட். 2018-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நோயாளிகளின் நெருங்கிய உறவினர்களுக்கு மரபணு, ரத்தம், பழக்கம் எல்லாம் சேர்த்து அவரவர் ஆபத்தைக் கணக்கிட்டுக் காட்டியபோது, பழக்கங்களை மாற்றிக்கொள்ளும் எண்ணம் கூடியதாகச் சொன்னார்கள். நான் அவனிடம் அந்த 21 மடங்குக் கணக்கைச் சொன்னேன். அவன் விட்டுவிட்டான் என்று எழுத ஆசைதான். குறைத்திருக்கிறான், இன்னும் விடவில்லை.

விரல் கணுவை அழுத்திப் பார்த்தவள்

அக்காவின் நோயைக் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, அம்மா. ஒரு காலையில் அக்கா பல் துலக்க வந்தவள் பேஸ்ட் டியூபைக் கட்டைவிரலால் பிதுக்காமல், தொட்டி விளிம்பில் வைத்து மணிக்கட்டால் அழுத்திக்கொண்டிருந்தாள். அம்மா பார்த்துவிட்டாள். "கையக் குடு" என்றாள். கை குலுக்குவது போலப் பிடித்து, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் கணுக்கள் நான்கையும் பக்கவாட்டில் சேர்த்து அழுத்தினாள். அக்கா கத்தியே விட்டாள். மற்ற கையிலும் அதேதான். "காலைல எவ்வளவு நேரம் மடக்க முடியல?" என்று கேட்டாள். குளித்து முடித்து ரொம்ப நேரம் ஆன பிறகுதான் சரியாகிறது என்றாள் அக்கா. வேலை அதிகம், அதனால் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அன்றைக்கே வாத நோய் நிபுணரிடம் அப்பாயின்ட்மென்ட் போட வைத்தாள். அந்த அழுத்திப் பார்க்கும் முறை டாக்டர்களே செய்வதுதான். அம்மாவுக்கு அவளுடைய டாக்டர் பலமுறை செய்திருக்கிறார், அப்படிக் கற்றுக்கொண்டது.

அம்மாவுக்கு இந்த நோய் வந்தபோது அவள் கையைப் பிடித்துப் பார்க்க ஆள் இல்லை. வயசானால் மூட்டு வலிக்கத்தான் செய்யும் என்று ஒரு டாக்டர் வலி மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினார், அப்போது அவளுக்கு நாற்பதுகூட முடியவில்லை. நோயின் பெயர் தெரிந்து சரியான மருந்து ஆரம்பிப்பதற்குள் எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. அரித்த எலும்பு திரும்பி வருவதில்லை. முடக்குவாதத்தில் முதல் சில மாதங்கள் எவ்வளவு முக்கியம் என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே அம்மாவின் விரல்களில் பார்த்திருக்கிறேன். அக்காவுக்குச் சில வாரங்களில் நோயை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்து ஆரம்பித்தாயிற்று. எக்ஸ்ரேயில் அரிப்பு எதுவும் இல்லை. இப்போது காலையில் முஷ்டி மடக்குகிறாள், அம்மாவிடம் காட்டுகிறாள்.

'குடும்பத்தில் இந்த நோய் உண்டா' என்று டாக்டர்கள் கேட்பதை ஏதோ படிவம் நிரப்பும் கேள்வியாகவே நாம் எடுத்துக்கொள்கிறோம். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியின் பயன் இதுதான்: அம்மாவுக்கு இருந்ததால் அக்காவுக்குச் சீக்கிரம் தெரிந்தது. அம்மாவிடமிருந்து அக்காவுக்குப் போனது என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால், அந்தச் சில மாதங்களைச் சொல்வேன். இதை அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. 'குடுத்துட்டேனே' என்பது மட்டும் இப்போது அவள் வாயில் வருவதில்லை.

எனக்கு ஜீன் டெஸ்ட் வேண்டுமா

இதைப் பலர் கேட்கிறார்கள், நானும் யோசித்தேன். வேண்டாம் என்று முடிவு செய்தேன். டிஆர்பி1-இல் அந்த வடிவம் எனக்கு இருக்கிறது என்று தெரிந்தால், நோய் வராத அந்த 28 சதவீதத்தில் நான் ஒருத்தியா, வரப்போகிறவளா என்று அது சொல்லாது. இல்லை என்று வந்தாலும், அது இல்லாமலே நோய் வந்தவர்கள் ஏராளம். ஆபத்தை மதிப்பெண்ணாகத் தரும் டெஸ்ட்டுகளிலும் ஒரு சிக்கல் உண்டு. மரபணு ஆய்வுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துச் செய்தது. பிடிபிஎன்22-இன் அந்த எழுத்து மாற்றம் ஐரோப்பியர்களில் பரவலாக உண்டு, ஜப்பானியர்களில் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஒரு கூட்டத்துக்குத் தைத்த சட்டையை எல்லோருக்கும் மாட்டிவிட முடியாது.

அதைவிட ரத்தத்தில் உள்ள எதிர்ப்பான் சொல்வது அதிகம். நெதர்லாந்தில் ரத்ததானம் செய்தவர்களின் பழைய ரத்த மாதிரிகள் சேமிப்பில் இருந்தன. அவர்களில் பிற்பாடு முடக்குவாதம் வந்தவர்களின் மாதிரிகளை எடுத்துப் பார்த்து 2004-இல் எழுதினார்கள். பாதிப்பேருக்கு நோய் தெரிவதற்கு முன்பே எதிர்ப்பான் இருந்திருக்கிறது, நடுவாந்திரமாக நாலரை வருஷம் முன்பாக. நோய் மூட்டில் தொடங்குவதற்கு வெகுநாள் முன்பே ரத்தத்தில் தொடங்கிவிடுகிறது. அந்த இடைவெளியில் தடுக்க முடியுமா என்று 2024-இல் வெளியான அபாடாசெப்ட் என்ற மருந்தின் சோதனைகளில் முயன்றிருக்கிறார்கள். எதிர்ப்பானும் மூட்டு வலியும் இருந்து, இன்னும் வீக்கம் வராதவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். ஒரு வருஷம் மருந்து கொடுத்த ஒரு சோதனையில் அந்த வருஷ முடிவில் மருந்து எடுத்தவர்களில் 6 சதவீதம் பேருக்கும், வெற்று மருந்து எடுத்தவர்களில் 29 சதவீதம் பேருக்கும் நோய் வந்திருந்தது. மருந்தை நிறுத்தி இன்னொரு வருஷம் போனதும் அது 25-க்கு 37 என்று நெருங்கிவிட்டது. தள்ளிப்போட முடிகிறது, முழுக்கத் தடுக்க முடிகிறதா என்பது இன்னும் தீரவில்லை. நோய் வராமலே போயிருக்கக் கூடியவர்களுக்கும் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மருந்தைக் கொடுப்பது நியாயமா என்ற விவாதமும் தீரவில்லை. நான் அந்த விவாதத்தில் தயங்குகிறவர்கள் பக்கம்தான் நிற்கிறேன், ஆனால் அக்காவுக்கு அந்த வாய்ப்பு கிடைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று என்னையே கேட்டுக்கொண்டால் பக்கம் மாறிவிடுகிறேன்.

எனக்கு இப்போது மூட்டு வலி இல்லை. அதனால் இப்போதைக்கு ஆன்டி-சிசிபி டெஸ்ட்டும் வேண்டாம் என்று அக்காவின் டாக்டர் சொன்னார், எனக்கும் அது சரியென்று பட்டது. காலையில் இரண்டு கை விரல்களும் அரை மணி நேரத்துக்கு மேல் மடங்க மறுத்து, அது சில நாட்கள் தொடர்ந்தால், வலி மாத்திரை வாங்கப் போகாமல் நேராக வாத நோய் நிபுணரிடம் போவேன். தம்பியிடமும் சித்தி மகளிடமும் இதையேதான் சொல்லி வைத்திருக்கிறேன். விரல் கணுவை எப்படி அழுத்திப் பார்ப்பது என்று சித்தி மகளுக்கு அம்மாவே காட்டிக்கொடுத்தாள்.